பெத்தனசாமியின் போனில் அடித்த வெயில்

கோணப்பனேந்தலில் அறிவுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை, ஏனென்றால் யாரும் அதை எடுத்துச் செலவழித்ததே இல்லை. அந்த ஊர்க்காரர் பெத்தனசாமி தன் குண்டு மிளகாய் முழுவதையும் களத்தில் காயப் போட்டிருந்தார். அது நல்லபடியாகக் காய்ந்து விலை போனால்தான் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பாவம், அந்த நினைப்பில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போனைத் திறந்தால் வேறு, எங்கே பார்த்தாலும் கோடை மழை வீடியோ.

டவுனில் போன் கடைப் பெண்ணிடம் போய் முறையிட்டார். "பிடிக்காதது வந்தா, ஓரத்துல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு 'விருப்பமில்லை'னு அழுத்துங்கய்யா. அப்புறம் அது வராது. எது பிடிக்குமோ அதையே பாத்துக்கிட்டிருங்க, அதுவே நிறைய வரும்" என்றாள் அவள்.

பெத்தனசாமி பஸ்ஸில் வரும்போதே மழையை எல்லாம் அழுத்தித் தள்ளினார். ஊர் வந்து சேர்வதற்குள் போனில் ஒரு சொட்டு ஈரமில்லை. பாலைவனம், ஒட்டகம், கருவாடு காயும் கடற்கரை என்று ஒரே வெயில். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் மேற்கே கருகருவென்று மேகம் திரண்டது. அவருடைய மனைவி ராக்கு, "மழை வருதுய்யா! மிளகாயை அள்ளுங்க!" என்று கத்தினாள். களத்தில் இருந்த மூன்று ஆண்களும் நிதானமாக உட்கார்ந்து போனை எடுத்தார்கள். பெத்தனசாமி, ராக்குவின் தம்பி கூரியன், பக்கத்துக் காட்டுக்காரன் சோணை.

"என் போன்ல ஒட்டகத்துக்கு நாக்குத் தள்ளுது. மழைக்கு வாய்ப்பே இல்ல" என்றார் பெத்தனசாமி.

சோணைக்குப் புயல் வீடியோ என்றால் உயிர். "என் போன்ல கூரை பறக்குதே அண்ணே!"

"ஒரே களத்துல எப்படி மாப்ள ரெண்டு வானிலை?" என்று பெத்தனசாமி கலங்கினார்.

கூரியன் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தான். "மச்சான், மிளகாய் யாருது?"

"என்னுது."

"அப்ப உங்க போன்ல அடிக்கிற வெயில்தான் மிளகாய்க்குச் செல்லும். சோணை, நீ உன் புயலை எடுத்துக்கிட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போயிரு."

நியாயமான தீர்ப்பு என்று சோணையும் எழுந்து போனான். "நீங்கள்லாம் மனுசப் பிறவிதானா?" என்று கேட்ட ராக்குவையும் அவனோடு அனுப்பி வைத்தார்கள். மழை வரும் என்று சொல்கிற ஆள் களத்தில் இருக்கக் கூடாதாம். அவள் தலையில் அடித்துக்கொண்டு, தார்ப்பாய் எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பொத் பொத்தென்று பெரிய தூறல் விழுந்தது.

"சோணை! உன் மழை இங்க தெறிக்குதுடா! போனைத் திருப்பிப் பிடி!" என்று அதட்டினார் பெத்தனசாமி.

சோணை திருப்பிப் பிடித்தான். மழை வலுத்தது. மிளகாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் பெத்தனசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, எம்புள்ள கல்யாணம் போச்சே!"

"அழுவாதீங்க மச்சான். ஒரு வெயில் பத்தல, அவ்வளவுதான்" என்றான் கூரியன்.

சோணையைக் கூப்பிட்டு அவன் போனிலும் கூரியன் போனிலும் ஒட்டகத்தை ஓட விட்டார்கள். மூன்று போன்களையும் களத்து நடு மேட்டில் மிளகாய்க்கு முகம் காட்டி நட்டு வைத்தார்கள். அப்போதுதான் ராக்கு தார்ப்பாயோடு மூச்சிரைக்க வந்தாள். "நல்லவேளை வந்த! போன் நனைஞ்சா வெயில் அணைஞ்சு போகும்" என்று அதைப் பிடுங்கினார் பெத்தனசாமி. மூவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் போன்களின் மேல் மூடினார்கள். நாலைந்து கூடை மிளகாயும் தானாகவே அதற்குள் அடங்கியது.

பிறகு பெத்தனசாமி மனசு கேட்காமல் தார்ப்பாய்க்குள் கையை விட்டு, மேல் மிளகாயைத் தள்ளி அடியில் தடவினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ள! உள்ள இருக்கிற மிளகாய் ஒண்ணு கூட நனையலடா! கலகலன்னு காஞ்சு கிடக்கு!"

மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். திடீரென்று கூரியன் நின்றான். "மச்சான், நம்மள மாதிரி முட்டாள் உண்டா? இவ்வளவு நல்ல வெயிலை யாராவது மூடி வைப்பாங்களா? தார்ப்பாயை எடுங்க, மத்த மிளகாய்க்கும் பரவட்டும்!"

ராக்கு ஓடி வந்து தடுப்பதற்குள் தார்ப்பாய் வரப்பில் போய் விழுந்தது. கொட்டுகிற மழையில் மூன்று போன்களும் ஒவ்வொன்றாகக் கறுத்து அணைந்தன.

மணி மத்தியானம் மூன்றுகூட ஆகவில்லை. கூரியன் போன்களைக் குனிந்து பார்த்துவிட்டு, வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டான்.

"சரி மச்சான், பொழுது அடைஞ்சிருச்சு. மிச்சம் நாளைக்குக் காயட்டும், வாங்க, போய்ப் படுப்போம்."