நம்புறதுக்குக் காரணம் இருக்கு!

மருதங்காட்டு ராஜாகிட்ட ஒரு பீரங்கி இருந்துச்சு. இருக்கவே கூடாத பீரங்கி! பாளையக்காரங்க யாரும் பீரங்கி வச்சுக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரக் கும்பினிக்காரன் தண்டோரா போட்டு ஒரு வருஷம் ஆச்சு. நம்ம ராஜா என்ன பண்ணாரு? லாயத்துல வைக்கோலைப் போட்டு மூடிட்டு, "பீரங்கியா? அப்படின்னா என்ன?"ன்னு இருந்துட்டாரு.

ஒரு நாள் கும்பினி அதிகாரி ஹாக்கின்ஸ் துரைகிட்டேருந்து கடுதாசி வந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். அரண்மனையில அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு துபாஷி சொக்கேசன். வெள்ளைக்காரன் பேசுறதை ராஜாவுக்கும், ராஜா பேசுறதை வெள்ளைக்காரனுக்கும் மாத்திச் சொல்றதுதான் அவன் வேலை.

சொக்கேசன் படிச்சான். இன்னொரு தடவை படிச்சான்.

"என்னய்யா எழுதியிருக்கான்?"

"'ராஜா பீரங்கி பதுக்கி வச்சிருக்கார்னு நம்புறதுக்குக் காரணம் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை கோட்டைச் சுவரை இடிப்போம்.' அவ்வளவுதான் மகாராஜா."

ராஜாவுக்கு மீசை துடிச்சுது. பக்கத்துல நின்ன தளவாய் இடும்பன் சேர்வைக்கு ஒரே குஷி. அவருக்குச் சொக்கேசனைக் கண்டாலே ஆகாது. வாளைத் தூக்காம நாக்கை வச்சே சம்பாதிக்கிறான்னு வயித்தெரிச்சல்.

"இவன் என்னைக்கு இங்கிலீஷ் படிச்சானோ அன்னைக்குப் பிடிச்ச சனி மகாராஜா! இந்தச் சுவரு போச்சுன்னா இவன் நாக்கும் போகணும்."

"ஆமாய்யா!" ராஜா எந்திரிச்சாரு. "சொக்கேசா, துரை உள்ள வந்து லாயத்தைப் பார்க்கவும் கூடாது, என் சுவரைத் தொடவும் கூடாது. வியாழக்கிழமைக்குள்ள முடி. முடியலைன்னா நாக்கைச் சேர்வைகிட்ட குடுத்துட்டுப் போ."

சேர்வை இடுப்புக் கத்தியைத் தடவிக்கிட்டாரு. மனுசன் ஒரு நிமிஷம் கூட வீணாக்க மாட்டாரு!

சொக்கேசன் வீட்டுக்குப் போயி பழைய கும்பினிக் கடுதாசிக் கட்டைப் பிரிச்சான். அவன் இங்கிலீஷ் கத்துக்கிட்டதே அதுலதான். ஒண்ணு விடாம படிச்சவனுக்கு ஒரு விஷயம் அத்துப்படி. இந்த வெள்ளைக்காரங்க நம்பிக்கையைத் தனியா விடவே மாட்டாங்க. நம்ம ஊர்ல சாமிக்கு அலங்காரம் பண்ற மாதிரி, முன்னாடி பின்னாடி எதையாச்சும் சாத்தித்தான் வெளிய அனுப்புவாங்க. 'பொதுவான நம்பிக்கை'ன்னு வந்தா ஒரு அதட்டலோட போயிடும். 'உறுதியான நம்பிக்கை'ன்னு வந்தா நாலு சிப்பாய் வருவான். 'நம்புறதுக்குக் காரணம் இருக்கு'ன்னு வந்துச்சோ, தொலைஞ்சோம், சுவரு காலி! அந்தக் காரணம் என்னன்னு மட்டும் எந்தக் கடுதாசியிலயும் இல்லை. மேல சென்னப்பட்டணத்துல இருக்குறவங்களும் ஒரு தடவை கூட கேட்டதில்லை.

புதன்கிழமை காலையில சொக்கேசன் துரை பங்களா வாசல்ல நின்னான். கையில ஒரு கடுதாசி.

"துரைகளே, சென்னப்பட்டணத்துக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். என் இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டி. நீங்க ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் குடுத்தா புண்ணியமா போகும்."

துரைக்குச் சிரிப்பு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாங்கினாரு. ரெண்டாவது வரியில சிரிப்பு நின்னுச்சு. மூணாவது வரியில காது சிவந்துச்சு.

கடுதாசியில இருந்தது இதுதான்: 'ஹாக்கின்ஸ் துரை மருதங்காட்டு ராஜாகிட்ட ரெண்டு யானையும் ஒரு பெட்டி முத்தும் லஞ்சமா வாங்கிட்டார்னு நம்புறதுக்குக் காரணம் இருக்கு.'

"பொய்! நான் எந்த யானையும் வாங்கலை!"

"வாங்கினீங்கன்னு நான் எழுதலையே துரை. காரணம் இருக்குன்னுதானே எழுதினேன்."

"என்ன காரணம்?"

"அதைச் சொல்ற வழக்கம் உண்டா துரை? உங்க கடுதாசியில தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். அதான் நானும் விட்டுட்டேன். வேணும்னா 'உறுதியான நம்பிக்கை'ன்னு மாத்திடட்டுமா? எது நல்லா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

துரை நாற்காலியில பொத்துன்னு உட்கார்ந்தாரு. ஏன் தெரியுமா? போன வருஷம் அதே நாற்காலியில இருந்த பெரிய துரையைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பினது இதே மாதிரி ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதினது வேற யாரும் இல்லை, நம்ம ஹாக்கின்ஸ்தான்! மேல இருக்குறவங்க எதையும் கேட்க மாட்டாங்கன்னு அவரை விட யாருக்குத் தெரியும்?

"உனக்கு என்னய்யா வேணும்?"

"இங்கிலீஷ் திருத்தம்தான் துரை."

துரை பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேனாவை எடுத்தாரு. சொக்கேசன் கடுதாசியில இல்லை, புதுக் காகிதத்துல எழுதினாரு. 'மருதங்காட்டுல பீரங்கி இருக்குன்னு நம்புறதுக்குக் காரணம் இல்லை.'

சொக்கேசன் எட்டிப் பார்த்தான். "'எள்ளளவும்'னு ஒண்ணு சேர்த்தா இன்னும் அழகா இருக்கும் துரை."

எள்ளளவும் சேர்ந்துச்சு. முத்திரையும் விழுந்துச்சு. சொக்கேசன் தன் கடுதாசியைச் சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டுட்டு, கும்பிட்டுட்டு வந்துட்டான்.

அரண்மனையில அதைப் படிச்சுக் காட்டினதும் ராஜா சிம்மாசனம் ஆட ஆட சிரிச்சாரு. சேர்வை மட்டும் விடலை.

"மகாராஜா, இவன் உங்களைச் சூதாட்டத்துல பணயமா வச்சிருக்கான்! அந்தத் துரை 'வா, நேர்லயே போயி பார்ப்போம்'னு குதிரை ஏறியிருந்தா? லாயத்துல வைக்கோலை ஒரு உதை உதைச்சா போதாதா?"

ராஜா சிரிப்பை நிறுத்தினாரு. "அதானே! ஏன்டா சொக்கேசா, அவன் வந்து பார்த்திருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

"வரவே மாட்டாரு மகாராஜா. வந்து பார்த்துட்டா 'எனக்குத் தெரியும்'னுல்ல எழுதணும்? நாளைக்குத் தப்பாப் போனா தலை போயிடுமேன்னு, அந்த வார்த்தையைக் கும்பினியில இதுவரைக்கும் ஒருத்தனும் எழுதினதே இல்லை!"