புதன் கணக்கும் நொண்டி மேசையும்

மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் வேதமாணிக்கம் குரு, ஆதிமூலம் சீடர். குருவுக்கு வயது முப்பத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. நில அளவை உத்தியோகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர் அவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை ஐயா என்பார். இருவருக்கும் இதில் குறையில்லை.

ஆறு வருடமாக ஆதிமூலத்தைப் பாடாய்ப் படுத்தியது புதன் கிரகம். சூரியனைச் சுற்றும் அதன் பாதை, ஈர்ப்பு விதி சொன்ன அளவைவிட மயிரிழை கூடுதலாகத் திரும்பிக்கொண்டே போனது. சொல்பேச்சுக் கேட்காத கிரகத்தை அவரால் விட்டுவைக்க முடியவில்லை. கடைசியில் விதியிலேயே ஓர் எண்ணை இம்மியளவு கூட்டினார். கணக்கும் கிரகமும் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் தபாலில் இதைப் பற்றிய கட்டுரை பட்டணத்து வானியல் சபைக்குப் போக வேண்டும். தன் பெயரில் ஒரு விதி என்ற நினைப்பில் அவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

"விதியைத் திருத்துறது தப்பா, ஐயா?" என்று கேட்டபடி கட்டுரையை நீட்டினார்.

குரு படித்தார். பிறகு எழுதும் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தொலைநோக்கி அறைக்குத் தூக்க வேண்டுமாம். சீடர் மறுபக்கம் பிடித்தார்.

போன மாதம்வரை ஆடிக்கொண்டிருந்த மேசை அது. ஆதிமூலம்தான் ரம்பம் எடுத்து ஒரு காலை நெல்லளவு அறுத்து, ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொலைநோக்கி அறை, ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்ட தரை. அங்கே இறக்கியதும் மேசை நொண்டியது.

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். "கால் முன்னாடியே சரியாத்தான் இருந்திருக்கு. அந்த அறைத் தரைதான் கோணல்," என்றார்.

"உங்க விதிய நிலாவுக்குப் போட்டுப் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

பார்க்கவில்லை. புதன் வசப்பட்ட சந்தோஷத்தில் நிலாவின் நினைப்பே வரவில்லை. நொண்டி மேசையிலேயே உட்கார்ந்து போட்டார். சாயங்காலத்துக்குள் கணக்கின் நிலா, வானத்து நிலாவை விட்டு எங்கோ போயிருந்தது.

வெட்கமாக இருந்தது. ஆனால் பாரம் இறங்கியது போலவும் இருந்தது. கூட்டிய எண்ணை அடித்துவிட்டு, ஆறிப்போன சோற்றை ரசித்துச் சாப்பிட்டார். பழைய மயிரிழை மட்டும் கணக்கில் அப்படியே நின்றது.

"அப்போ சபைக்கு என்னத்த எழுத, ஐயா?"

"ஆடுதுன்னு எழுதுங்க. எவ்வளவு ஆடுதுன்னும் எழுதுங்க. தரையைப் பாக்க ஒருத்தன் பின்னால வருவான்."