அரண்மனைக்கு வியர்த்த கதை

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு வியர்க்கும், அரண்மனைகளுக்கு வியர்க்காது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்கு எல்லாம் இருந்தது, குளிர்ச்சியைத் தவிர. ஒருமுறை மலைநாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கினார். திரும்பி வந்ததும் சபையில் ஓர் ஆசையைச் சொன்னார்.

"சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்காமலே எனக்கு மலைக் குளிர் வேண்டும்."

ராஜா ஆசைப்பட்டால் ஊரில் யாராவது ஒருவர் வேலை செய்தாக வேண்டும். இந்த முறை அது கல்தச்சர் குழைக்காதர். மனிதர் இரண்டு வருடம் உழைத்தார். பாதி மண்ணுக்குள் இறங்கியும் பாதி வெளியே தெரிந்தும் ஒரு மண்டபம். இரண்டு முழக் கனத்தில் கருங்கல் சுவர். முகம் பார்த்துத் திலகம் வைத்துக்கொள்ளலாம் போலத் தேய்த்த தரை. சித்திரை வெயிலில் ராஜா உள்ளே போய் உட்கார்ந்தார். உடம்பு சிலிர்த்தது. "சபாஷ், குழைக்காதரே!" என்றார்.

அந்த சபாஷ் ஒருவர் வயிற்றில் போய்ப் புளித்தது. அவர் அனந்தநாயகர், அரண்மனையின் உபசார அதிகாரி. சந்தனம், தாம்பூலம், விசிறி எல்லாம் அவர் பொறுப்பு. இத்தனை வருடமாக ராஜாவைக் குளிர்வித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். இனி அந்த வேலையைக் கல் செய்யுமென்றால் அவருக்கு என்ன மரியாதை? மறுநாளே மண்டபத்தின் இருபது ஜன்னல்களிலும் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டினார். எட்டு ஆட்களை நிறுத்தி, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தட்டிகளின்மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சித்திரை வெயிலுக்கு அது அமிர்தமாகத்தான் இருந்தது. ராஜா அவருக்கும் ஒரு சபாஷ் சொன்னார். அதன் பிறகு அனந்தநாயகர் தட்டியை அவிழ்க்கவே இல்லை.

புரட்டாசி வந்தது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வரும், ஆனால் வராது. காற்று கனத்து நின்றது. பொரித்த அப்பளம் இலைக்கு வந்து சேர்வதற்குள் நமுத்தது. உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. அரண்மனை முரசை அடித்தால் யாரோ தலையணையில் குத்துகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் குளிர்மண்டபத்துக்கு வியர்க்கத் தொடங்கியது. சுவரெல்லாம் முத்து முத்தாக நீர். தூண்களில் கோடு கோடாக வழிந்தது. பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் கையில் ஓலையோடு கம்பீரமாக உள்ளே வந்தார். மூன்றாவது அடியில் வழுக்கி, நெடுஞ்சாண்கிடையாக ராஜாவின் காலடிவரை சறுக்கிக்கொண்டே வந்து நின்றார்.

ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆகா! மற்ற நாட்டுத் தூதர்கள் நின்ற இடத்திலேயே வணங்குவார்கள். வணங்கிக்கொண்டே பயணம் செய்தவர் இவர் ஒருவர்தான், அரசே!"

ராஜா சிரித்தார். தூதரும் வேறு வழியில்லாமல், படுத்தபடியே கைகூப்பினார். போரில் முடிந்திருக்க வேண்டியது பொன்னாடையில் முடிந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் மிளகுச் சாத்தன். அப்பன் மிளகு வியாபாரி. கடைத்தெருவில் பேரம் கேட்டுக் கேட்டே பேச்சு படித்தவன். விகடகவிப் பட்டம் ராஜா கொடுத்தது. மிளகு என்கிற பட்டம் ஊர் கொடுத்தது. சின்னதாக இருந்தாலும் கடித்தால் காரம்.

ஆனால் இரண்டு நாள் கழித்து, ராஜா தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாக அவர் நெற்றியில் விழுந்தது. கஸ்தூரித் திலகம் கரைந்து மூக்கில் இறங்கியது. வழக்குக்கு வந்திருந்த இரண்டு பேரும், ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வந்தவர்கள், சேர்ந்து சிரித்துவிட்டார்கள். இந்த முறை ராஜா சிரிக்கவில்லை.

"என்ன இது? யார் இதற்குப் பொறுப்பு?"

இதற்காகவே காத்திருந்தவர் போல அனந்தநாயகர் முன்னால் வந்தார். "அரசே, சொல்ல நா கூசுகிறது. கூரை ஒழுகுகிறது. குழைக்காதர் தங்களை ஏமாற்றிவிட்டார்."

"ஆமாம், ஏமாற்றிவிட்டார்" என்றார்கள் அவர் பின்னால் நின்ற நான்கு பேர். அவர்கள் எப்போதும் அவர் பின்னால்தான் நிற்பார்கள்.

"மழை பெய்து நாற்பது நாளாயிற்றே!" என்றான் சாத்தன். "பெய்யாத மழை எப்படி ஒழுகும், ஐயா?"

அனந்தநாயகர் அசரவில்லை. "அப்படியானால் இன்னும் மோசம். ஆற்று மணலுக்குப் பதில் கடல் மணலைக் கலந்து கட்டியிருக்கிறார். கடல் மணல் தண்ணீரை இழுக்கும். சுவருக்குள்ளே இருக்கிற உப்புதான் இப்படிக் கசிகிறது."

சாத்தன் பக்கத்துத் தூணருகே போனான். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினான். சபை முகம் சுளித்தது.

"உப்பு இல்லை, அரசே. கொஞ்சம் வெட்டிவேர் வாசனை மட்டும் இருக்கிறது."

"தூணை நக்குகிறவன் பேச்சைக் கேட்டா ராஜ்யம் நடக்கிறது?" என்றார் அனந்தநாயகர். நான்கு பேரும் சிரித்தார்கள்.

ராஜாவின் மூக்கில் இன்னும் கஸ்தூரி இருந்தது. மூக்கில் கஸ்தூரியோடு இருக்கிற ராஜாவிடம் நியாயம் கிடைப்பது கஷ்டம். "மண்டபத்தை இடியுங்கள். குழைக்காதர் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போகட்டும்" என்றார்.

சாத்தன் கைகூப்பினான். "அரசே, மூன்று நாள் தாருங்கள். இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து விட்டது யாரென்று தங்கள் கண்ணுக்கு நேரே காட்டுகிறேன். காட்டாவிட்டால் குழைக்காதரின் மூட்டையைச் சுமந்துகொண்டு நானும் போய்விடுகிறேன்."

அனந்தநாயகருக்கு வாய்கொள்ளாத சந்தோஷம். ஒரே கல்லில் இருவரையும் அப்புறப்படுத்தலாம். "அரசே, கொடுங்கள், கொடுங்கள். கண்ணால் காண வேண்டும், அதுதான் முக்கியம். ஆள் இல்லாமல் காரணம் மட்டும் சொல்லித் தப்பக் கூடாது."

"சம்மதம்" என்றான் சாத்தன். அவன் வளர்ந்த கடைத்தெருவில், விலை பேசி முடியாமல் யாரும் மூட்டையை அவிழ்க்க மாட்டார்கள். "காட்டிய பிறகு தண்டனை என்ன? அதையும் இப்போதே பேசிவிடலாம். ஆள் பெரியவராக இருந்தால்?"

"நானாக இருந்தாலும் தண்டனை உண்டு!" என்று முழங்கினார் ராஜா. "அனந்தநாயகரே, தண்டனையை நீரே சொல்லும்."

அனந்தநாயகர் யோசித்தார். இந்த விகடன் எப்படியும் ஒரு கொத்தனையோ கூலியாளையோதான் பிடித்துக்கொண்டு வருவான் என்று அவருக்கு நினைப்பு. "நனைத்தவனே துடைக்க வேண்டும், அரசே. சபை நடுவில், தன் தோளில் கிடக்கும் துண்டாலேயே."

"அப்படியே ஆகட்டும்."

சாத்தன் நேரே குழைக்காதர் வீட்டுக்குப் போனான். அவர் உளிகளை ஒவ்வொன்றாகச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம். மகளுக்குப் பிரசவம் ஆகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

"ஏன் ஆசாரியாரே, அதுக்குள்ள மூட்டை கட்டுறீங்க?"

"கட்டாம? மழைக்கு முன்னாடி மலையடிவாரம் போய்ச் சேரணும். பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வண்டிப் பாதையில எப்படிப் போறதுன்னுதான் புரியல." அவர் தலை நிமிராமலே பேசினார். "சுண்ணாம்புல கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு நாப்பது நாள் ஊற வச்சேன், சாத்தா. அதுல ஊசி எறங்காது, தண்ணி எறங்குமா? ஆத்து மணலைத் தவிர வேற ஒண்ண என் கை தொட்டதில்ல."

"தெரியும். நக்கிப் பாத்துட்டேன்."

கிழவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எதை?"

"உங்க தூணைத்தான். நல்ல தூணு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சமையற்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "இந்தத் தவலை வேற காலையிலேருந்து அழுதுக்கிட்டே இருக்கு. எத்தனை தடவதான் துடைக்கிறது?"

சாத்தன் எட்டிப் பார்த்தான். கிணற்றிலிருந்து அப்போதுதான் நிரப்பிய பித்தளைத் தவலை. வயிற்றைச் சுற்றிலும் துளித் துளியாக நீர். அடியில் தரையில் ஓர் ஈர வளையம்.

"ஓட்டையா, அம்மா?"

"வாயில அடிச்சுக்க, தம்பி! மக சீர்வரிசைக்கு வாங்கின புதுத் தவலை. ஒரு சொட்டு ஒழுகினா இதைச் செஞ்ச கன்னானை உயிரோட விட்டிருப்பேனா?"

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"யாருக்குத் தெரியும்? இந்தப் புழுக்கத்துல எனக்கு வியர்க்குது, அதுக்கும் வியர்க்குது. சாயங்காலம் உள்ள இருக்குற தண்ணி வெதுவெதுன்னு ஆனா நின்னுடும்."

சாத்தன் தவலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எழுந்து, "ஆசாரியாரே, உளியை அவிழுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் சபை கூடியது. வழக்கத்தைவிடக் கூட்டம். தட்டிகளில் எட்டு ஆட்களும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர்கள் சொட்டின. குழைக்காதர் ஓரமாக நின்றார், பார்வை தரையில்.

சாத்தன் ஒரு தொட்டியைத் தூக்கிவரச் செய்திருந்தான். அரண்மனையில் ராஜாவுக்குக் குடிநீர் குளிர வைப்பதற்காக வெடியுப்பு கரைத்து வைக்கிற தொட்டி அது. அதிலிருந்து வாய்கட்டிய செம்பு ஒன்றை எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, ராஜாவுக்கு முன்னால் பீடத்தில் வைத்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குற்றவாளி எங்கே?" என்றார் ராஜா.

"வந்துகொண்டிருக்கிறார், அரசே. வெற்றிலை போடுகிற நேரம் பொறுங்கள்."

ராஜா வெற்றிலை போட்டார். அதற்குள் செம்பு மெல்லப் புகை படிந்தது போல மங்கியது. மங்கல் பொடிப்பொடித் துளியானது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, பீடத்தில் சொட்டின.

"உபசார அதிகாரி ஐயா, தாங்கள் அனுபவஸ்தர். இந்தச் செம்புக்கு என்ன கேடு?"

"இதற்கு அனுபவம் வேறு வேண்டுமா? ஒழுகுகிறது. ஓட்டைச் செம்பு."

"நிச்சயமாகவா?"

"சத்தியமாக. இதைச் செய்த கன்னானையும் குழைக்காதரோடு சேர்த்து அனுப்பலாம்." நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

சாத்தன் செம்பின் வாயை அவிழ்த்து, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளித் தட்டில் ஊற்றினான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர். இரத்தச் சிவப்பு.

"உள்ளே இருப்பது சிவப்பு, அரசே. ஒழுகியிருந்தால் வெளியேயும் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்?"

ராஜா பீடத்தில் சொட்டியிருந்த நீரை விரலால் தொட்டுப் பார்த்தார். பளிங்கு போல இருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தார். "அப்படியானால் இது உள்ளிருந்து வரவில்லை."

"இல்லை, அரசே. வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தது. இந்த மண்டபத்துச் சுவரும் செம்பு மாதிரிதான், குளிர்ந்து கிடக்கிறது. ஒழுகவில்லை. காற்றில் திரிகிற ஈரம் குளிர்ந்த இடம் கண்டு இளைப்பாறுகிறது. வெளியே குடிசைகளின் மண்சுவர் காற்றைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கிறது, அங்கே அது உட்காருவதில்லை."

அனந்தநாயகர் சுதாரித்துக்கொண்டார். "கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அரசர் கேட்டது ஆள். காற்றில் ஈரத்தைக் கொண்டுவந்து விட்ட ஆள் எங்கே? கண்ணால் காட்டு!"

"இதோ." சாத்தன் தொட்டியிலிருந்து வெண்கலக் கண்ணாடி ஒன்றை எடுத்தான். துடைத்தான். மண்டியிட்டு ராஜாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். "ஓர் ஆள் இங்கே இருக்கிறார், அரசே."

ராஜா பார்த்தார். தன் முகத்தைத்தான் பார்த்தார். கண் சிவந்தது. "என்ன துணிச்சல் உனக்கு!" என்று சீறினார்.

சீறிய மூச்சு கண்ணாடியில் பட்டது. ராஜாவின் முகம் மறைந்தது. அந்த இடத்தில் வெண்மையாக ஒரு படலம். படலம் துளியானது. ஒரு துளி வழிந்து ராஜாவின் மடியிலேயே விழுந்தது.

குழைக்காதர் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜா கண்ணாடியைக் கையில் வாங்கினார். துடைத்தார். மெதுவாக ஒருமுறை ஊதினார். மறுபடி துடைத்தார், மறுபடி ஊதினார். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை போல நாலைந்து முறை ஊதிப் பார்த்தார்.

"என் மூச்சிலா இவ்வளவு தண்ணீர்?"

"தங்கள் பங்கு சிறு பங்கு, அரசே. இங்கே நூறு பேர் மூச்சு விடுகிறோம், என்னையும் சேர்த்து. எல்லோரும் சில்லறைத் திருடர்கள். பெரிய கொள்ளை வேறு." சாத்தன் ஜன்னல்களைக் காட்டினான். "எட்டு ஆட்கள் விடிந்ததிலிருந்து இந்தத் தட்டிகளில் ஊற்றுகிறார்கள். ஊற்றுவதில் கொஞ்சந்தான் கீழே வடிகிறது. மீதி எங்கே போயிற்று? வெயில் காலத்தில் வெளிக்காற்று வறண்டிருந்தது, குடித்துவிட்டது. இப்போது அதற்கே வயிறு நிறைந்து கிடக்கிறது. ஜன்னலும் அடைப்பு. போக இடமில்லாத தண்ணீர் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் தூணில் வெட்டிவேர் வாசனை."

ராஜா மெதுவாகத் திரும்பி அனந்தநாயகரைப் பார்த்தார். பின்னால் நின்ற நான்கு பேரும் இப்போது அவர் பின்னால் இல்லை.

"அரசே... தங்கள் குளிர்ச்சிக்காகத்தான்..." என்று இழுத்தார் அனந்தநாயகர்.

"அதை நான் மறுக்கவில்லை" என்றார் ராஜா. "ஆனால் தண்டனை உம்முடையது. நனைத்தவன் துடைக்க வேண்டும்."

அனந்தநாயகர் தோளிலிருந்த சரிகைப் பட்டுத் துண்டை எடுத்தார். முதல் தூணைத் துடைக்கத் தொடங்கினார். அந்த மண்டபத்தில் தூண்கள் முப்பத்திரண்டு.

சபை சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ராஜா எழுந்தார். சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். தன் பொன்னாடையை உருவி, பக்கத்துச் சுவரில் ஒரு சாண் இடத்தைத் துடைத்தார்.

"அரசே! தாங்களா?" என்று பதறினார்கள்.

"நானாக இருந்தாலும் என்று சொல்லிவிட்டேனே. என் மூச்சுக்கு இவ்வளவுதான் பங்கு. சரிதானே, சாத்தா?"

"அரை விரற்கடை கூடுதலாகவே துடைத்துவிட்டீர்கள், அரசே."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். குழைக்காதரை அருகே அழைத்து, அவர் தோளில் கைபோட்டு, "மண்டபம் நிற்கும். நீரும் நிற்பீர். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் அரண்மனையிலிருந்து வரும்" என்றார். கிழவர் பக்கத்துத் தூணை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

தட்டிகளை அவிழ்த்தார்கள். சபைக்கு வருகிற கூட்டத்தைப் பாதியாக்கினார்கள். காலையில் கரி அடுப்புகளை வைத்துக் கல்லின் குளிரைக் கொஞ்சம் முறித்தார்கள். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிற நேரம் பார்த்து ஜன்னல்களைத் திறந்தார்கள். நான்காம் நாள் தரை காய்ந்தது. முரசுக்கும் குரல் திரும்பியது.

ஆனால் பரிசு சபை கூடிய அன்றைக்கே கிடைத்தது. ராஜா சுவர் துடைத்த அந்தப் பொன்னாடையை அப்படியே சாத்தனிடம் நீட்டினார்.

சாத்தன் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தான், கடைக்காரன் சரக்கின் கனம் பார்க்கிற மாதிரி. "அரசே, கோபிக்கக் கூடாது. எங்கள் தெருவில் ஈரப் பட்டுத்துணியை எடைக்கு வாங்க மாட்டோம். பாதி கனம் தண்ணீர்."

"போக்கிரி! காய்ந்ததும் எடை போட்டு, குறைகிற கனத்துக்குப் பொன் வைத்துத் தருகிறேன், போதுமா?" என்று ராஜா மறுபடியும் சிரித்தார். கையில் இன்னும் அந்தக் கண்ணாடி இருந்தது. சிரித்த சிரிப்பில் அது முழுக்க மங்கிப்போனது.

பதினேழாவது தூணில் இருந்த அனந்தநாயகர், யாரும் சொல்லாமலே, துண்டைப் பிழிந்துகொண்டு கண்ணாடியைத் துடைக்க வந்தார்.