விரலில் வைத்த மை

போலியோ இன்னும் நம் தெருக்களை விட்டுப் போகாத காலம். மாவட்டச் சுகாதார அதிகாரி தணிகாசலம் ஒரு கால் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மிஷன் மருத்துவமனைக்குள் நொண்டி நொண்டி வந்தார். யாரையும் கேட்காமல் நேராக டாக்டர் பிலோமினாவின் அறைக்குள் நுழைந்தார்.

பிலோமினா அவருக்கு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். இப்போது தணிகாசலத்துக்கே தலை நரைத்துவிட்டது. மாவட்டத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் தடுப்பு மருந்து போடுவது அவர் பொறுப்பு. ஆனால் தனக்கு ஊசி என்றால் மட்டும் மனிதருக்குக் கை கால் உதறும். தன் உடம்பில் ஊசி குத்த அவர் நம்புகிற ஒரே ஆள் பிலோமினாதான்.

“நாய் கடிச்சிடுச்சு மேடம். நேத்து கடிச்சுது. வீட்டு நாய்தானேன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில நுரை தள்ளிக்கிட்டு இன்னும் ரெண்டு பேரைக் கடிச்சிருக்கு. வெறிநாய்னு அடிச்சே கொன்னுட்டாங்களாம்.”

“யார் வீட்டு நாய்?”

“செவ்வந்தியேந்தல் வீரபாகு வீட்டு நாய். ஒன்றியத் தலைவர்.”

பிலோமினா அவரைக் குழாயடியில் உட்காரவைத்தார். சோப்பைக் குழைத்துக் கடிவாயைக் கழுவ ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் கழுவினார்.

“சொட்டு மருந்தே வேண்டாம்னு கதவைச் சாத்தினாங்களே, அந்த ஊர்தானே?”

தணிகாசலத்துக்கு வலி மறந்து முகம் மலர்ந்தது. “அதை முடிச்சிட்டேன் மேடம்.”

“எப்படி முடிச்சே?”

விஷயம் இதுதான். சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வாரிசே இருக்காது, நம் ஆட்களைக் குறைக்க ஆளுங்கட்சி செய்கிற சதி இது என்று வீரபாகு மேடை போட்டு மைக்கில் முழங்கியிருந்தார். ஊரில் ஒரு வீடும் மருந்துக்குக் கதவைத் திறக்கவில்லை. இந்த லட்சணத்தில், மாவட்டத்தில் ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை என்று அறிவிக்க மந்திரி வெள்ளிக்கிழமை வருகிறார்.

“மைக்ல பேசினதை அவரால வாபஸ் வாங்க முடியாது, கௌரவம் போயிடும். மந்திரிக்கு ஒரு ஊர் குறைஞ்சாலும் என் தலை உருளும். பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டாந்தேன். பால்வாடியில எல்லாப் பிள்ளைகளுக்கும் விரல்ல மை வெச்சாச்சு.”

சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கு இடது கை சுண்டுவிரலில் மை வைப்பார்கள். விடுபட்ட பிள்ளை எது என்று தேடுகிறவர்கள் அந்த விரலைத்தான் பார்ப்பார்கள்.

“மருந்து?”

“அது கொடுக்கலை. மை மட்டும்தான். தலைவர் சொன்ன சொல்லு நின்னுச்சு, மந்திரிக்கு மாவட்டம் முழுசா முடிஞ்சுது. டாக்டருக்கு அரசியல் ஆகாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? ஒரு சண்டை சச்சரவு இல்லாம முடிச்சேன்.”

பிலோமினா குழாயை மூடினார். காலைத் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேஜை டிராயரைத் திறந்து மைப் புட்டியை எடுத்தார். தணிகாசலத்தின் இடது கையைப் பிடித்து, சுண்டுவிரல் நகத்தின்மேல் மை வைத்தார்.

“முடிஞ்சுது. போயிட்டு வா.”

தணிகாசலம் சிரித்தார். “சரி மேடம், ஊசியைப் போடுங்க.”

“அதான் மை வெச்சாச்சே.” வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அடுத்தது யாரு?”

காதுவலியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பிலோமினா டார்ச்சை எடுத்து அவள் காதுக்குள் பார்த்தார். எத்தனை நாளாக வலி, சீழ் வருகிறதா, காதில் எண்ணெய் ஊற்றினாயா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தணிகாசலம் அறை மூலையிலிருந்த ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறிநாய்க்கடி மருந்து அதற்குள்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ‘வெச்சது வெறும் மைதான், இனிமேதான் மருந்து, வா’ என்று பிலோமினா இப்போது சொல்வார், இதோ எடுத்துவிடுவார் என்று காத்திருந்தார். அந்தப் பெண் மாத்திரைச் சீட்டோடு வெளியே போனாள்.

“அடுத்தது?”

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்தேவிட்டார்.

“என்ன மேடம் விளையாட்டு இது! வெறிநாய் கடிச்சிருக்கு. ஊசி போடலைன்னா செத்துப்போயிடுவேன்!”

“எதுக்குக் கத்துறே? வெளியில யாரை வேணும்னாலும் கேளு. உனக்கு ஊசி போட்டாச்சுன்னுதான் சொல்வாங்க. விரலைக் காட்டு, போதும்.”

“விரலைக் காட்டினா வியாதி போயிடுமா?”

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். உள்ளே வரப்போன கிழவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

பிலோமினா எழுந்து கதவைச் சாத்தினார். ஃபிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசியைப் போட்டார். தணிகாசலம் கண்ணை மூடவில்லை, பல்லைக் கடிக்கவுமில்லை. ஊசி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார்: “இது வேற, அது வேற மேடம். என்னை நாய் கடிச்சது நிஜம். அந்தப் பிள்ளைங்களுக்கு வியாதி வரும்னு என்ன நிச்சயம்?”

“வராதுன்னு யார் சொன்னா? வீரபாகுவா, மந்திரியா?”

தணிகாசலம் சுண்டுவிரல் மையைத் தேய்த்தார்.

“அங்கே யாருமே மருந்து கேட்கலையா?”

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

“வெறும் மைதான்னு தலைவர் தன் ஆளுங்ககிட்ட சொல்லிட்டார். காட்டு வேலைக்குப் போன சனங்களுக்குத் தெரியாது. நான் கிளம்புற நேரத்துல ஒருத்தி களைக்கொத்தோட ஓடி வந்தா. தன் பையனைத் தூக்கி விரலைப் பாத்தா. மை இருந்துச்சு. உடனே என் கால்ல விழுந்துட்டா மேடம். மூத்தவனுக்குப் போலியோவுல கால் போயிடுச்சாம். இவனையாவது காப்பாத்திட்டீங்களே சாமின்னு அழுதா.”

“நீ என்ன சொன்னே?”

“அழாதேம்மான்னு சொன்னேன்.”

பிலோமினாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. எத்தனையோ சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அந்த முகம் இப்படி வெளிறித் தணிகாசலம் பார்த்ததில்லை. அவர் ஏதாவது திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. பிலோமினா திட்டவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இன்னிக்கே மருந்தை எடுத்துக்கிட்டுப் போறேன் மேடம்,” என்றார் தணிகாசலம். “தலைவர் ஊருக்குள்ள விடமாட்டார். விஷயம் தெரிஞ்சா மந்திரி என்னைத் தூக்கிடுவார். அதெல்லாம் நடக்கிறது நடக்கட்டும். ஆனா அவ முன்னாடி போய் நின்னு எதைச் சொல்வேன்? எனக்கு வாயே வராது.”

பிலோமினா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மை வெச்சிட்டு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்ல? அப்போ இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு என் வாயிலேருந்து என்ன வரணும்னு தவிச்சே? அதைப் போய் அவகிட்ட சொல்லு.”