செட்டியாரின் மணை நீண்ட கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் நமக்கு எதற்கு? அரண்மனை விளக்கிலிருந்து அடுக்களைத் தாளிப்பு வரை அங்கே எல்லாம் உலகப்பச் செட்டியார் வீட்டு நல்லெண்ணெய்தான் என்று தெரிந்தால் போதும். பதினெட்டுச் செக்குகள் ஓடின. ஆட்டிய எண்ணெய் குடம் குடமாகச் செட்டியாரின் மணைக்கு முன்னால் வரும். அவர் முகர்ந்து தலையசைத்தால்தான் வாய்கட்டி முத்திரை விழும். மணை என்றால் ஒரு முழப் பலாப்பலகை, அவ்வளவுதான். ஆனால் அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

செட்டியாருக்கு எண்பது வயது. மகன்கள் இருவரும் அந்தப் பலகைக்காகக் கீரியும் பாம்புமாய் நின்றார்கள். "மூச்சு உள்ளவரை எந்திரிக்க மாட்டேன்" என்றார் அவர். வழக்கு அரசரிடம் வந்தது. அரசருக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடித்துவிட்டது. பிடிக்காதா பின்னே? நாற்பது வயது இளவரசரை அரசு வேலை எதையும் தொடவிடாமல் புறா விட மட்டும் அனுமதித்திருந்தவர் அல்லவா அவர்!

கருவூலத் தலைவர் சயந்தருக்கு அரசவை விகடன் பிச்சாண்டியைக் கண்டாலே வயிறு எரியும். கிடைத்த சமயத்தை அவர் விடவில்லை.

"பிரபு! செட்டியார் மணையை விட்டு எழவும் கூடாது, வாரிசு அதே மணையில் அமரவும் வேண்டும். மடியிலும் கூடாது, தோளிலும் கூடாது. பிச்சாண்டி தீர்த்து வைக்கட்டும். முடியாவிட்டால் அந்தச் செக்குகளை அடியேனே ஏற்று நடத்துகிறேன்."

"பலே! பிச்சாண்டி, உனக்கு எட்டு நாள் தவணை" என்றார் அரசர். "தவறினால் செக்கு சயந்தருக்கு, நீ நாட்டுக்கு வெளியே."

"உத்தரவு மகாராஜா!" என்று பிச்சாண்டி கும்பிட்டான். அவன் முகத்தில் கவலையே இல்லை. மணை ஒரு பெரிய விஷயமா? அதில் யாரை உட்கார வைப்பது என்பதல்லவா விஷயம்!

மறுநாள் செட்டியார் வீட்டுக்குப் போனான். வயிற்று உப்புசத்துக்காக வாங்கிய பெருங்காயக் கட்டி ஒன்று மடியில் இருந்தது. வேலையாட்கள் மூக்கைப் பொத்தினார்கள். செட்டியாரோ எதிரே அவனை உட்காரச் சொல்லிவிட்டு, குடத்தை முகர்ந்து சாவகாசமாகத் தலையசைத்தார். பிச்சாண்டிக்குச் சுருக்கென்றது.

"எத்தனை நாளா செட்டியாரே?" என்று காதோடு கேட்டான்.

செட்டியாரின் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருசமாச்சுப்பா. ஒரு சளி வந்துச்சு, அதோட வாசனை போயிருச்சு. வெளிய தெரிஞ்சா யாவாரம் படுத்துரும்."

"ஆனா ஒரு குடத்துலகூடக் கெட்டுப்போன சிக்கு வாடை வரலியே?"

"அதான் எனக்கும் புரியல. சாமி காப்பாத்துது."

அந்தச் சாமியைத் தேடிப் பிச்சாண்டி செக்கடிக்குப் போனான். அங்கே செட்டியாரின் மகள் வடிவம்மை ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து, ஆகாததை ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் அப்பாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணமாருக்கு மணை மேலதான் கண்ணு, குடத்து மேல இல்ல" என்றாள். "அப்பாவுக்கு மூக்குப் போனது எனக்குத் தெரியும்ணே. சொன்னா அவுக மனசு விட்டுருவாக."

எட்டாம் நாள் அரசர் பரிவாரத்தோடு வந்தார். செட்டியார் மணையில் இருந்தார். பிச்சாண்டி தச்சரைக் கூப்பிட்டான். தச்சர் அந்தப் பலகையின் பக்கவாட்டில் துளையிட்டு, இன்னொரு முழப் பலகையை முளையடித்து இறுக்கினார். செட்டியார் அசையக்கூட இல்லை.

"வடிவம்மா, வந்து உட்காருங்க!"

"பொட்டப்புள்ளையா?" என்று அண்ணன்கள் குதித்தார்கள். அப்போது செட்டியார் கையை உயர்த்தினார். முந்தின நாளே பிச்சாண்டி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"என் மூக்குப் போயி ரெண்டு வருசமாச்சு, மகாராஜா. நீங்க இத்தனை நாளா ஏத்துன விளக்கெல்லாம் இவ மோந்து விட்ட எண்ணெயில எரிஞ்சதுதான். முத்திரை இவளுக்கு. மூத்தவன் செக்கையும் மாட்டையும் பாக்கட்டும், இளையவன் சந்தையப் பாக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவ மூணு பேரும் இந்த மணைக்கு முன்னால உக்காந்து பேசணும். நான் இருக்கும்போதே பேசிப் பழகுங்கடா." சொல்லிவிட்டு முத்திரையை மகள் கையில் வைத்து அழுத்தினார். வடிவம்மை அழுதேவிட்டாள். அண்ணன்கள் தலை கவிழ்ந்தார்கள்.

சயந்தர் விடுவாரா? "மோசடி பிரபு! மணையையே மாற்றிவிட்டான்!"

"மாற்றவில்லை ஐயா, நீட்டினேன். நீட்டக் கூடாதென்று தாங்கள் சொல்லவில்லையே! பெரியவர் எழவில்லை. அம்மையார் மடியிலும் இல்லை, தோளிலும் இல்லை."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். சிரித்தபடியே திரும்பியவரின் கண்ணில், கூட்டத்தின் கடைசியில் கையில் புறாவோடு நின்ற இளவரசர் பட்டார். மகனின் காதோரம் நரைத்திருந்ததை அரசர் அன்றுதான் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தச்சரே, நாளைக் காலை அரண்மனைக்கு வாரும். அரியணையின் பக்கத்தை அளக்க வேண்டும்" என்றார்.

அரியணையை நீட்டும் பலகையைச் சுமந்து வரும் பொறுப்பு சயந்தருக்குக் கிடைத்தது.