கடல்நீர் குடித்த கலைமான்

கடலை ஒட்டிய ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. கவைக்கொம்பன் என்ற கலைமான் அதற்குத் தலைவன். யார் எதைச் சொன்னாலும் நம்பி, உடனே செய்துவிடுவது அவன் குணம். அவனுடைய தங்கை மருதியோ எதையும் முகர்ந்து பார்க்காமல் வாய் வைக்க மாட்டாள்.

அந்த ஆண்டு மழை பொய்த்துப்போனது. ஆறு வெறும் மணலாகிக் கிடந்தது. தாய்மான்களுக்குப் பால் வற்றியது. தண்ணீர் தேடி அலைந்த கூட்டம் காட்டின் எல்லையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்து நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். ஆனால் நாக்கை நனைத்த மான்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தாழம்புதர் மறைவிலிருந்து ஒரு நரி வந்தது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, மரியாதையாகப் பேசியது.

"தலைவரே, இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள்?"

"உப்புக் கரிக்கிறதே" என்றான் கவைக்கொம்பன்.

"உப்பு உங்களுக்குப் பகையா? கோடையில் உப்பு மண்ணைத் தேடிப்போய் நக்குகிறவர்கள் நீங்கள்தானே?"

"ஆமாம்."

"மழை மலைப்பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. உப்பு, சுண்ணாம்பு, கசப்புப் பொருள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கரைந்ததை ஆறு சுமந்துவந்து கடலில் சேர்க்கிறது. இத்தனை காலம் ஆற்றுநீரோடு நீங்கள் குடித்ததும் அதைத்தான்."

கவைக்கொம்பன் யோசித்துப் பார்த்தான். நரியின் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய்யாகத் தெரியவில்லை.

"அண்ணா, கொஞ்சம் பொறு" என்றாள் மருதி. "ஆற்றுநீர் கரிக்கவில்லை. இது கரிக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டு குடிக்கலாம்."

"அதற்குள் குட்டிகள் செத்துவிடும். முதலில் நான் குடிக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நீங்கள் குடியுங்கள்."

அலைக்குள் இறங்கி வயிறு நிறையக் குடித்தான்.

மருதிக்கு மனம் ஒப்பவில்லை. கரையோரப் பாறை மீது ஏறினாள். அலை தெறித்துத் தேங்கிய சிறு பள்ளங்கள் அங்கே வெயிலில் வற்றிக்கொண்டிருந்தன. பாதி வற்றிய நீரை நக்கினாள். கடலைவிட அதிகமாகக் கரித்தது. அடிமட்டம் வரை வற்றிய பள்ளத்தில் கசப்பு ஏறி நாக்கு சுருண்டது. முழுதும் காய்ந்த பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது உப்பு.

அப்போது அவளுக்குப் புரிந்தது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. உப்பைத் தொடுவதில்லை. ஆறுகள் கொண்டுவந்து போட்டதெல்லாம் காலங்காலமாக இங்கேயே சேர்ந்து கிடக்கிறது.

ஓடிவந்தாள். கவைக்கொம்பன் மறுபடியும் குடித்துக்கொண்டிருந்தான்.

"தாகம் அடங்கவில்லை, மருதி. இன்னும் கொஞ்சம் குடித்தால் அடங்கிவிடும்."

அடங்கவில்லை. உள்ளே போன உப்பை வெளியே தள்ள, அவன் உடம்பு தன்னிடம் இருந்த தண்ணீரையும் செலவழித்தது. கால்கள் தள்ளாடின. கரையேறி மணலில் விழுந்தான்.

மருதி நரியிடம் திரும்பினாள்.

"நீ குடிக்கவில்லையா?"

"எனக்குத் தாகமில்லை, அம்மா."

மான்கள் எல்லாவற்றுக்கும் மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. நரியின் மூக்கு மட்டும் ஈரமாக இருந்தது. அதில் மணல் ஒட்டியிருந்தது. மருதி வேறெதுவும் கேட்கவில்லை. நரி வந்த காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் பின்னால் போனாள். தாழை வேரடியில் ஒரு குழி. அதில் தெளிந்த நீர். முகர்ந்தாள், வாய் வைத்தாள். கரிக்கவில்லை.

கூட்டத்தை அழைத்தாள். மான்கள் பக்கத்தில் குளம்பால் மணலைப் பறித்தன. ஆழமாகப் பறித்த இடத்தில் கரிப்பு தட்டியது. "மேலாகப் பறியுங்கள், போதும்" என்றாள் மருதி. எப்போதோ பெய்த மழை, உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மணலுக்குள் தங்கியிருந்தது. குட்டிகள் முதலில் குடித்தன.

மருதி அண்ணனிடம் ஓடினாள். நெற்றியால் முட்டி அவனை எழுப்பப் பார்த்தாள். அவனால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை.

"நரி பொய் சொல்லிவிட்டதா?" என்று கேட்டான்.

"இல்லை, அண்ணா. ஆற்றில் எவ்வளவு உப்பு, கடலில் எவ்வளவு உப்பு என்று மட்டும் சொல்லவில்லை."

"குட்டிகள்?"

"குடித்துவிட்டன."

கவைக்கொம்பன் கண்ணை மூடினான். பிறகு திறக்கவில்லை.

நரி எழுந்து, அவசரமில்லாமல் அவனை நோக்கி நடந்துவந்தது. மருதி வெகுநேரம் வழிமறித்து நின்றாள். கடைசியில், உயிரோடு இருப்பவர்களைக் காக்கத் திரும்பி நடந்தாள்.

நீதி: ஒருவன் சொன்னது உண்மையா என்று பார்த்தால் போதாது, அவன் சொல்லாமல் விட்டது என்ன என்றும் பார்க்க வேண்டும்.