வந்தேறி இல்லாத பட்டணம்

மந்தாபுரிப் பட்டணத்தில் யாரைக் கேட்டாலும் தன்னை அறிவாளி என்றுதான் சொல்வார்கள். மறுத்துச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

ஒருநாள் ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. கோட்டைக்குள் பூர்வகுடிகள் மட்டும் இருக்கலாம், வந்தேறிகள் வெளியே போக வேண்டும் என்று எழுதியிருந்தது. ஊர்த்தலைவர் மாசிலாமணிக்கு ஒரே குஷி. அவர் மருமகள் பொற்கொடி நிறைமாதக் கர்ப்பிணி. பேரன் சுத்தமான பூர்வகுடியாகப் பிறக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

பூர்வகுடியைக் கண்டுபிடிக்க எழுத்தர் தாண்டவன் வழி சொன்னார். ஒருவன் பிறந்த இடத்திலேயே அவன் குலதெய்வமும் இருந்தால் பூர்வகுடி, இல்லாவிட்டால் வந்தேறி. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் மாட்டியவள் மருத்துவச்சி ஓபுளம்மா. அவளுடைய குலதெய்வம் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்தது.

"உங்க மருமகளுக்கு வலி எடுத்தா என்னய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

தலைவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். சுவருக்கு வெளியே நின்று குரல் கொடுத்தே பிரசவம் பார்த்துவிடலாம் என்றார்.

தையற்காரரின் சாமி மராட்டியத்தில், செக்காட்டுகிறவரின் சாமி வைகைக்கு அந்தப் பக்கம். இருவரும் போனார்கள். தாண்டவனின் சாமி பக்கத்து ஊர்ச் சோளக்காட்டில் இருந்தது. ஏட்டில் தன் பெயரைத் தானே எழுதி, தானே அடித்துவிட்டு அவரும் வெளியே நடந்தார். தலைவரின் ஐயனாரோ எல்லைச்சாமி, கோட்டைக்கு நாலடி வெளியே நின்றார். நாலடியானாலும் வெளியே என்றால் வெளியேதான் என்று தலைவர் பொற்கொடியையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். மிச்சமிருந்தவர்களும் இப்படியே வெளியே வர, கடைசியாகக் காவலாளி சன்னாசி கோட்டைக் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டினான்.

"இப்ப ஊருக்குள்ள ஒரு வந்தேறிகூட கிடையாது தலைவரே," என்றான் பெருமையாக.

அப்போதுதான் பொற்கொடிக்கு வலி எடுத்தது. ஐயனார் காலடியிலேயே ஓபுளம்மா பிரசவம் பார்த்தாள். ஆண் குழந்தை. பேரன் கோட்டைக்கு வெளியே பிறந்துவிட்டானே என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழாதீங்க," என்றார் தாண்டவன். "பிறந்ததும் இங்க, சாமியும் இங்க. நம்ம எல்லார்லயும் இவன் ஒருத்தன்தான் பூர்வகுடி."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே முகம் வெளுத்தது.

"பூர்வகுடி இருக்கிற இடத்துல வந்தேறிங்க நாம நிக்கலாமாய்யா?"

கூடாதுதான். வெளியே நிற்கக் கூடாது, உள்ளேயும் போகக் கூடாது. வெகுநேரம் விவாதித்து, பட்டணமே கோட்டைச் சுவர்மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்தது. ஓபுளம்மா இந்தக் கூத்தையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். சன்னாசி விட்டுப்போன சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, தாயையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் வைத்தாள்.

சுவர்மேல் சன்னாசிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, இந்தச் சுவர்க் கல்லு எந்த ஊரு?"

தாண்டவன் ஏட்டைப் புரட்டினார். அந்தக் கல்லும் வெளியூர் மலையிலிருந்து வந்ததுதான். எல்லாரும் எழுந்து, தங்கள் காலுக்கடியில் இருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய ஆரம்பித்தார்கள்.